இல்லத்து மின்பொறிகளைத் திரும்ப அழைத்தல்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மின்சாரப் பொறிகளால் இல்லங்களில் நேரும் தீ விபத்தைக் குறித்து இன்று யாம் சில கூற விரும்புகின்றோம். விற்பனையான பொறியின்கண் ஆபத்து விளைக்கும் குற்றம் உண்டென்பது பின்னர் வெளிப்படின், அதனைச் செய்தவர் திரும்பப் பெற்று, மாற்றுப் பொறியோ விலையோ கொடுத்தலே ‘திரும்ப அழைத்தல்’ எனப்படும். இது செய்தவர்க்கு இழுக்கென்பர் சிலர். யாம் அவ்வாறு கருதவில்லை. குற்றத்தை மறைத்தலும், அரைகுறையாக அறிவித்தலுமே இழுக்காவன.

இதற்கு இங்கிலாந்து தேசத்து நிகழ்ச்சியொன்று சான்றாகும். ஆங்கு வெயில் அரிதாதலின், வெப்பக் காற்றால் துணியுலர்த்தும் பொறிகளைப் பல வீடுகளில் காணலாம். அப்பொழுது வேர்ல்பூல் கம்பெனியார்க்குரியவாயிருந்த ஹாட்பாயிண்ட், இண்டெஸிட் முதலிய பெயர்களில் 2004 முதல் 2015 வரை செய்யப்பெற்ற பொறிகள் பலவற்றில், துணியினின்று உதிரும் பஞ்சுத்தூள் வெப்பமூட்டும் பாகத்திற்பட்டுத் தீப்பற்றக்கூடும் என்று 2015-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. வீடுதோறும் ஆள் அனுப்பிச் செப்பஞ்செய்து தருவதாகக் கம்பெனியார் கூறினர். அதுகாறும், வீட்டில் ஆளிருக்கும்பொழுது பொறியை இயக்கலாமென்றும் சொல்லினர்.

விளைந்தது யாது? 2016 ஆகஸ்டு 19-ஆம் நாள் இலண்டன் மாநகரில் ஷெப்பர்ட்ஸ் புஷ் என்னுமிடத்து அடுக்குமாடி வீடொன்றில் அத்தகைய பொறி தீப்பற்றியது. வீட்டார் உள்ளேதான் இருந்தனர், மின்தொடர்பையும் நீக்கினர். எனினும் தீ மேல்மாடிகளுக்கும் பரவிற்று. ஒருவரும் உயிர் துறவாமை பெரும்பேறேயாம். 2017 பிப்ரவரியிற்றான் செப்பஞ்செய்யாத பொறிகளின் மின்தொடர்பை நீக்கி வைக்குமாறு கம்பெனியார் அறிவுறுத்தினர். அரசாங்கம் வற்புறுத்திய பின்னர், 2019 ஜூலையில், எஞ்சிய 5,00,000 வரையிலான பொறிகளைத் திரும்ப அழைத்தனர். குற்றம் வெளிப்பட்டு ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன!

அன்பர்காள்! ஆபத்தான பொருளின் அருகில் ஆள் இருத்தல் காவலாகாது. அதனை இயக்காது விடுதலே காவல். அழைப்பு வந்தவிடத்தும், பொறி கைம்மாறியிருப்பின் அது உரியவரைச் சென்று சேர்வதில்லை.

நம் நாட்டிலும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஆபத்தான பொருள்களைத் திரும்பப் பெறுமாறு ஆணையிடும் அதிகாரத்தை மத்திய ஆணையம் ஒன்றற்கு அளித்துளது. ஆயினும் சட்டம் நம் சமையலறைக்குள் வந்து பாராது. ஆகவே பொறி வாங்கியவுடன் அதன் பின்புறத்து வகையெண்ணையும் வரிசையெண்ணையும் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்தல் வேண்டும். செய்தவரிடத்தும் நம் முகவரியைப் பதிவு செய்தல் வேண்டும். பெண்மக்களுக்குச் சீர்வரிசையாகப் பொறியளிப்போர் அதன் சீட்டுகளையும் உடன் அளித்தல் வேண்டும். பழம்பொறியை வேலையாட்களுக்கு ஈவோர், அது திரும்ப அழைக்கப்பட்டதன்று எனத் தெளிந்தபின்னரே ஈதல் வேண்டும். நமக்கு ஆகாத நெருப்பைப் பிறர் வீட்டிற்கு அனுப்புதல் தருமமாகாது.