பி ஃபார்ம் யார் கையில்?



மாதேசுவரன் மலையடிவாரத்தில், பாலாற்றங்கரையில் இருக்கும் நாம் 1997 வரை மைசூர் மாவட்டம். இன்று சாமராஜநகர் மாவட்டம், ஹனூர் தொகுதி. எந்த மாவட்டத்தில் சேர்த்தாலும் நம் வாக்கை யாரும் பறிக்கவில்லை. ஆனால் வாக்கு இயந்திரத்தில் இருக்கும் பெயர்களைத் தேர்ந்தெடுத்தது யார்? நீங்களா? நானா? இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி கொடுக்கும் பி ஃபார்ம் யாருக்கு என்பதை பெங்களூருவிலும் டெல்லியிலும் முடிவு செய்கிறார்கள். நாம் செய்தியில் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம்.

நம் மாநிலத்திலேயே ஒருமுறை இந்தக் கதவு கொஞ்சம் திறந்தது. 2014 மக்களவைத் தேர்தலுக்கு முன், நாட்டில் சில தொகுதிகளில் மட்டும் காங்கிரஸ் கட்சி தன் வேட்பாளரை உள்கட்சி வாக்கெடுப்பில் தேர்ந்தெடுத்தது. கர்நாடகத்தில் பெங்களூரு வடக்கு, தட்சிண கன்னடா. நாராயணசாமியும் ஜனார்த்தன பூஜாரியும் அப்படி ஜெயித்து வந்தவர்கள். அங்கே யாருக்கு வாக்கு இருந்தது? கட்சி நிர்வாகிகளுக்கும் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும். கொடி கட்டியவருக்கும், வெயிலில் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்ட அம்மாவுக்கும் இல்லை! பிறகு தேர்தலில் இருவருமே தோற்றார்கள். 2019இல் அந்த முறை தொடரவில்லை. தோல்விக்கு முறையைக் குறை சொல்வது என்ன நியாயம்? மேலிடம் நேராக நிறுத்தியவர்களும்தானே தோற்றார்கள்? 2014இல் அந்தக் கட்சிக்குக் கிடைத்தது மொத்தம் 44 இடங்கள்.

2022 அக்டோபரில் நம் மாநிலத்துக்காரர் கார்கே 7,897 வாக்குகள் பெற்று காங்கிரஸ் தலைவரானார். எதிர்த்து நின்ற சசி தரூருக்கு 1,072. போட்டி நடந்ததே நல்லது, மனமாரச் சொல்கிறேன். அங்கும் வாக்களித்தவர்கள் பிரதிநிதிகள்தான், சாதாரண உறுப்பினர் இல்லை. மற்றக் கட்சிகளில் பெரும்பாலும் போட்டியே கிடையாது.

கட்சியைப் பதிவு செய்யும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு, ஜனநாயகத்துக்குக் கட்டுப்படுவோம் என்று கட்சிகளிடம் உறுதி கேட்கிறது. வேட்பாளரை யார் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜெர்மனியில் வேட்பாளரை உறுப்பினர்களோ அவர்கள் தேர்ந்த பிரதிநிதிகளோ இரகசிய வாக்கெடுப்பில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அது அங்கே சட்டம்.

வேட்பாளர் தேர்வை உறுப்பினர்களுக்குத் திறந்துவிட்டால் பணம் புரளும், எதிர்க்கட்சி ஆள் உள்ளே நுழைவான் என்கிறார்கள். பணம் இப்போது புரளவில்லையா? ஓராண்டு உறுப்பினராக இருந்தவருக்கு மட்டும் வாக்கு என்று வையுங்கள். உறுப்பினர் பட்டியலை ஊர்ச் சாவடியில் ஒட்டுங்கள். நுழைந்தவனை ஊரே காட்டிக்கொடுக்கும்.

ஆகவே, அடுத்த முறை எந்தக் கட்சிக்காரர் வாக்குக் கேட்டு இங்கே வந்தாலும் முதலில் கேளுங்கள்: "ஐயா, உங்கள் கட்சியில் பாலாற்று உறுப்பினருக்கு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வாக்கு உண்டா?"