மின்னுந்தும் நம் பட்டறைகளும்



2023 மே திங்களில் தென்கொரிய ஊண்டாய் குழும்பு தமிழக அரசோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. பத்தாண்டுகளில் 20,000 கோடி உருபா முதலீடு. ஆண்டுக்கு 1,78,000 மின்கல அடுக்குகளைப் பூட்டும் தொழிலகம். 100 மின்னேற்று நிலையங்கள். பெருமைக்குரியதே, மறுக்கவில்லை.

ஆயினும், பெரம்பலூரிலும் அரியலூரிலும் சாலையோரப் பட்டறைகளில் நெய்க்கறை படிந்த கையோடு நிற்கும் நம் இளைஞர்களை எண்ணிப் பாருங்கள். மின்னுந்தில் கன்னெய் எரியும் பொறி இல்லை, புகைக்குழாய் இல்லை, பொறிநெய் மாற்றும் வேலையும் இல்லை. அவர்கள் பத்தாண்டு கைப்பழக்கத்தாற் பெற்ற அறிவிற் பெரும்பகுதி அங்கே செல்லாக்காசு! டயர் எனப்படும் உருளிப்பட்டை அங்கும் தேயும். மின்கலத்தின் எடையால் விரைந்தே தேயும். எனவே, நம் நாரணமங்கலத்தில் அதனைச் செய்யும் எம்.ஆர்.எஃப். தொழிலகத்திற்குக் கேடில்லை. பட்டறைக்காரனுக்கோ?

இன்னொன்று. அவ் வடுக்கின் மின்னழுத்தம் பலநூறு வோல்ட்டு. அறியாது தொட்டால் உயிர் போகும். அவ் வெச்சரிக்கை ஆங்கிலத்தில் மட்டும் இருக்குமாயின், எட்டாம் வகுப்போடு நின்ற பிள்ளைக்கு அது வெறுங்கோடு. இங்கே தாய்மொழி உணர்ச்சிப் பொருளன்று, உயிர்க்காப்பு.

உடன்பாட்டிற் கையெழுத்திட்ட அரசு, இவ்விரு மாவட்டத் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பட்டறைத் தொழிலாளர்க்கு மாலை வகுப்பு நடத்தட்டும். கையேட்டைத் தமிழில் தரட்டும். பண்டிதர் நாமும் சொல்லை மட்டும் ஆக்கி அடுக்கிவைத்துப் பயனில்லை. அவர்கள் நாவில் ஏறாத சொல் நிலைக்காது. வரும் ஞாயிறு மாலை பட்டறைத் தம்பியர் சிலரை என் வீட்டுத் திண்ணைக்கு அழைத்துள்ளேன். உறுப்புகளின் பெயரை அவர்களோடு அமர்ந்தே எழுதுவோம். விரும்புவோர் வருக!