பாலின் தூய்மையும் கொழுப்பைச் சிதைக்கும் நொதியும்

(பொங்கலூர் வட்டாரப் பால் உற்பத்தியாளர் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



வானம் பொய்க்கும் ஆண்டிலும் நமது பொங்கலூர் வட்டாரத்துக் குடும்பங்களைத் தாங்கி நிற்பது கறவை மாடு. வீட்டில் ஒருவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குச் சென்று சம்பாதித்தாலும், மளிகைக் கடனையும் பிள்ளைகளின் படிப்புச் செலவையும் பால் பணமே ஈடு செய்கிறது. அத்தகைய பாலைக் காய்ச்சிவிட்டால் கிருமி மாண்டுவிடும், பிறகு கவலையில்லை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இவ்வெண்ணம் பாதி உண்மையே. மற்றப் பாதியை இன்று ஆராய்வோம்.

பாலிலுள்ள கொழுப்பைச் சிதைக்கும் லிப்பேஸ் என்னும் நொதியைச் சில பாக்டீரியாக்கள் சுரக்கின்றன. நொதி என்பது உயிரன்று. உயிர்கள் ஆக்கும் புரதமாகும். நமது கணையமும் இவ்வகை நொதியைச் சுரந்தே நாம் உண்ட நெய்யைச் செரிக்கச் செய்கிறது. பாக்டீரியாக்களிலும் இது உண்டென்பதை, பின்னர் 1929-இல் நோபல் பரிசு பெற்ற டச்சு மருத்துவர் எய்க்மான் 1901-லேயே எடுத்துரைத்தார்.

இந்நொதி கொழுப்பைப் பிளக்கும்போது பியூட்ரிக் அமிலம் முதலியன வெளிப்படுகின்றன. வெண்ணெயில் சிக்கு வாடையும் காறலும் தோன்றுவதற்கு இவையே முக்கியக் காரணம்.

இனி, பாலைச் சூடாக்குவதைப் பற்றிப் பார்ப்போம். பால் பண்ணைகளில் 72 டிகிரி சென்டிகிரேடில் 15 விநாடி சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள். பாலில் இயற்கையாகவே உள்ள லிப்பேஸ் அதில் பெரும்பாலும் செயலிழந்துவிடும். சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியாவும் மாண்டுவிடும். ஆயினும் அது உயிரோடிருந்தபோது சுரந்துவிட்ட நொதி எளிதில் அழிவதில்லை. 140 டிகிரியில் சில விநாடிகள் சூடாக்கிய பின்னும் அதில் ஒரு பகுதி எஞ்சி நிற்கக் கூடும். திருடன் இறந்தபின்னும் அவன் வைத்த தீ எரிவது போன்றது இது! ஓரிரு நாளில் அருந்திவிடும் பாலில் இதன் கேடு பெரிதாகத் தெரியாது. வெண்ணெயிலும், பல மாதம் வைத்திருக்கும் பாலிலும் அது மெல்ல மெல்ல வெளிப்படும்.

குளிர்விப்பது நலமே, எனினும் அது மட்டும் போதாது. 4 டிகிரிக்குக் குளிர்வித்த பாலில் மற்றக் கிருமிகள் பெரும்பாலும் அடங்கியிருக்கும். சூடோமோனாஸ் இனமோ அந்தக் குளிரிலும் மெல்லப் பெருகும். ஆகவே மாலைப் பாலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாள் காலைப் பாலோடு கலந்து ஊற்றும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும்.

இக்கிருமி எங்கிருந்து வருகிறது? மண்ணிலிருந்தும், தண்ணீரிலிருந்தும், சரியாகக் கழுவாத பாத்திரங்களிலிருந்தும் வருகிறது. எனவே நாம் செய்ய வேண்டியவை எளியனவே. கறக்குமுன் கையையும் மடியையும் கழுவி, தூய துணியால் ஈரம் போகத் துடைத்தல் வேண்டும். பால் ஊற்றியதும் கேனைத் தாமதமின்றிச் சலவைச் சோடா கலந்த வெந்நீரில் தேய்த்துக் கழுவி, ஈரம் நிற்காதபடி கவிழ்த்து வைத்து, வெயிலில் உலர்த்த வேண்டும். கறந்த பாலைச் சுணக்கமின்றிச் சங்கத்தில் சேர்ப்பித்தல் வேண்டும்.

சங்கத்தில் கொழுப்பின் அளவைக் காட்டும் கருவி கிருமியின் அளவைக் காட்டாது. பல வீட்டுப் பால் ஒரே தொட்டியில் கலக்கிறது. ஒரு வீட்டுக் கேனின் அழுக்கு அத்தனை வீட்டாரின் உழைப்பையும் கெடுத்துவிடும். அதனைப் பின்னர் எந்த அடுப்பும் திருத்தித் தராது. கூட்டுறவு என்பது இலாபத்தைப் பகிர்ந்து கொள்வது மட்டுமன்று. பொறுப்பையும் பகிர்ந்து கொள்வதாகும்.

பாலின் தரம் தொழுவத்திலேயே தொடங்குகிறது. அங்கே தூய்மை பேணுவோமாக!