லேக் எங்கே பிறக்கிறது?



ஆன்லைன் கேம் ஆடும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இரவு எட்டு மணி வாக்கில் ஒரு கூச்சல் கேட்கும்: "நெட் லேக் அடிக்குது!" ஆட்டம் தாமதித்துத் திக்குகிறது என்று பொருள். அடுத்த பேச்சு நெட் பிளானைப் பற்றியதாக இருக்கும். "40 எம்பிபிஎஸ் பத்தாதுப்பா, 100 போடுங்க" என்பான் பையன். அப்பாவும் போட்டுவிடுவார். மாதக் கட்டணம் ஏறும், லேக் பெரும்பாலும் அப்படியே இருக்கும். துப்பாக்கிச் சண்டை கேம்களில் பல, ஆடும்போது ஒரு எம்பிபிஎஸ் வேகத்தைக்கூட முழுதாகப் பயன்படுத்துவதில்லை. நீங்கள் பட்டனை அழுத்திய சேதி சர்வருக்குப் போய், பதில் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் அங்கே கணக்கு. இந்த நேரத்துக்குப் பெயர் பிங். மில்லி செகண்டில் அளக்கிறார்கள்.

"யூடியூப் நல்லாத்தானே ஓடுது?" என்று வீட்டில் கேட்பார்கள். யூடியூப் படத்தைப் பல செகண்டு முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். நடுவில் அரை செகண்டு தடங்கல் வந்தாலும் நமக்குத் தெரியாது. கேமில் எதிராளி அடுத்து எங்கே ஓடுவான் என்பதை முன்கூட்டி இறக்கி வைக்க முடியுமா?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: கோளாறு நெட்டில்தானா? திரை மொத்தமும் திக்கினால், நீங்கள் பார்வையைத் திருப்பும்போதே காட்சி வெட்டி வெட்டி வந்தால், அது போனின் அல்லது கம்ப்யூட்டரின் திணறல். போன் சூடேறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பார்வை தாராளமாகத் திரும்புகிறது, ஆனால் மற்றவர்கள் நின்ற இடத்திலேயே ஓடுகிறார்கள், ஓடிப்போன உங்களைப் பழைய இடத்துக்கே கேம் இழுத்துப் போடுகிறது என்றால் அது நெட் கோளாறு. இந்த இழுத்துப் போடுதலுக்கு ஒரு கதை உண்டு. 1996-இல் ஜான் கார்மாக் தன் குவேக் கேமை இணையத்துக்காகத் திருத்தி, குவேக்வேர்ல்டு என்று வெளியிட்டார். சர்வரின் பதிலுக்குக் காத்திராமல், ஆடுபவரின் அசைவை அவருடைய கம்ப்யூட்டரே ஊகித்துக் காட்டும்படி செய்தார். இன்றைய சண்டை கேம்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் போகின்றன. ஊகம் தப்பும்போது சர்வர் திருத்துகிறது, நாம் பின்னால் இழுபடுகிறோம்.

சரி, நெட்தான் என்று முடிவாயிற்று. எந்த இடத்தில்? இதற்கு ஒரு பழைய கருவி இருக்கிறது. 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த மைக் மூஸ் எழுதிய சின்ன நிரல், பெயரும் பிங்தான். நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் ஒலி எழுப்பி எதிரொலியைக் கேட்பதைப் பார்த்து வைத்த பெயர். விண்டோஸ் கம்ப்யூட்டரில் சிஎம்டி என்று தேடினால் கறுப்புத் திரை ஒன்று வரும். அதில் பிங் என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடம் விட்டு, உங்கள் ரவுட்டரின் முகவரியைப் போட்டு, நிற்காமல் ஓட இன்னோர் இடம் விட்டு -t சேருங்கள். பல வீடுகளில் அந்த முகவரி 192.168.1.1, ரவுட்டரின் அடியில் ஒட்டிய லேபிளில் இருக்கும். பதில் சில மில்லி செகண்டில் சீராக வர வேண்டும். 3, 4 என்று வந்துகொண்டிருந்தது திடீரென்று 150-க்குத் தாவினால், தகராறு உங்கள் வீட்டுச் சுவருக்குள்தான். நெட் கம்பெனிக்கு போன் போட்டுப் பயனில்லை. அநேகமாக வைஃபைதான் குற்றவாளி. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பக்கத்து வீட்டு ரவுட்டர்களும் ப்ளூடூத்தும் நெரிகின்றன, மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் இரைச்சல் போடுகிறது. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறலாம், ஆனால் அது சுவரைத் தாண்டத் தடுமாறும். ஒரு லேன் கேபிள் இரண்டு தொல்லையையும் தீர்க்கும்.

ரவுட்டர் வரை சுத்தம் என்றால், அதே மாதிரி 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்குப் பிங் கொடுங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, யாராவது ஒருவர் போனில் பெரிய வீடியோ ஒன்றை அப்லோடு செய்யட்டும். 20-இல் இருந்த எண் 300, 400 என்று ஏறினால் கோளாறு பிடிபட்டுவிட்டது. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன், ஏனென்றால் இதை நெட் கம்பெனிக்காரரும் சொல்ல மாட்டார், விளம்பரமும் சொல்லாது. 2010-இல் ஜிம் கெட்டிஸ் என்ற அனுபவசாலியான கணினிப் பொறியாளர், தன் வீட்டிலிருந்து பெரிய கோப்பை அனுப்பும்போதெல்லாம் தாமதம் ஒரு செகண்டையும் தாண்டுவதைக் கண்டு துருவினார். மெமரி விலை மலிந்ததால், ரவுட்டரிலும் மோடத்திலும் காத்திருப்பு இடத்தைத் தயாரிப்பாளர்கள் அளவில்லாமல் பெருக்கிவிட்டிருந்தார்கள். வீடியோவின் துண்டுகள் அங்கே நூற்றுக்கணக்கில் குவிய, கேமின் பொடிச் சேதி கடைசியில் நிற்கிறது. பஃபர்ப்ளோட் என்று இதற்குப் பெயர்.

மருந்தும் இருக்கிறது. 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். வரிசை நீண்ட நேரம் தேங்கினால் சிலதைத் தூக்கியெறிந்து, அனுப்புகிற கம்ப்யூட்டரை மெதுவாக்கும் முறை அது. அதோடு சின்னச் சேதிகளுக்குத் தனிப் பாதையும் சேர்ந்தது, டோல்கேட்டில் லாரிகள் நிற்க பைக்குகள் ஓரமாகப் போய்விடுவது போல. சில ரவுட்டர்களில் இது எஸ்கியூஎம் என்ற பெயரில் இருக்கும். இருந்தால் போட்டுவிட்டு, வேக வரம்பை உங்கள் பிளானில் 85, 90 சதவீதத்துக்குக் குறைத்து வையுங்கள். வேகத்தைக் குறைத்தால் கேம் நன்றாக ஓடும் என்றால் வீட்டில் நம்ப மாட்டார்கள், பிங் எண்ணைக் காட்டுங்கள். அந்த வசதி இல்லாத ரவுட்டர் என்றால், போட்டோ பேக்கப்பை நடு இரவுக்குத் தள்ளிவையுங்கள்.

மீதி, தூரம். கண்ணாடி இழைக்குள் ஒளி செகண்டுக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர். போய்வர 29 மில்லி செகண்டு, அதுவும் கேபிள் நேர்கோட்டில் கிடந்தால். பிங்கைக் குறைத்துத் தருகிறேன் என்கிற ஆப்கள் அரிதாகச் சுற்றுவழியைத் திருத்தலாம், தூரத்தைச் சுருக்காது. கேமின் செட்டிங்கில் மும்பை சர்வர் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். சில சமயம் கோளாறு கடலுக்கடியிலேயே இருக்கும்: 2025 செப்டம்பரில் செங்கடலில் இணையக் கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவிலும் பாதிப்பு தெரிந்தது. அப்படிப்பட்ட நாளில் ரவுட்டரை அணைத்துப் போடுவது வீண்.

இத்தனையும் பார்த்த பிறகு, ரவுட்டர் வரை சீர், யாரும் எதுவும் அனுப்பாத நேரத்திலும் வெளியே பிங் தாவுகிறது அல்லது பதிலே வராமல் போகிறது என்றால், அப்போது நெட் கம்பெனிக்கு போன் போடுங்கள். "நெட் ஸ்லோ" என்று மட்டும் சொல்லாதீர்கள், ஸ்பீடு டெஸ்ட் எடுக்கச் சொல்லி வைத்துவிடுவார்கள். லேன் கேபிளில் சோதித்தேன், ரவுட்டருக்கு இத்தனை, வெளியே இத்தனை, இந்தத் தேதி, இந்த மணி என்று ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்புங்கள். அந்தப் புகாரைத் தட்டிக்கழிப்பது அவர்களுக்குக் கடினம்.