பழம்பாடலும் புதிய பியானோவும்



வாய்வழி வந்த பாடலை ஏட்டிலே எழுதிப் பேணுவது ஒரு வழி. அதனைப் புதிய கருவியிலே ஏற்றி, புதிய தலைமுறையின் செவிக்கு அளிப்பது மற்றொரு வழி. இவ்விரண்டாம் வழியால் மரபு வளருமா, அன்றித் தேயுமா என்பது நெடுநாளைய வழக்கு. ஆர்மீனியப் பியானோக் கலைஞர் திக்ரான் ஹமசியானின் இசை இவ்வழக்கிற்குத் தக்கதொரு சான்றாகும்.

அந்நாளில் லெனினகான் என வழங்கிய கியூம்ரி நகரிலே 1987ஆம் ஆண்டு திக்ரான் பிறந்தார். 1988 டிசம்பர் 7ஆம் திகதி நேர்ந்த நிலநடுக்கம் அந்நகரையும் சூழவுள்ள ஊர்களையும் பாழாக்கிற்று. ஏறத்தாழ 25,000 பேர் மாண்டனர். அந்நகரிலேயே அவருடைய இளமையின் முற்பகுதி கழிந்தது. தந்தையார் ரொக் இசையில் ஈடுபாடுடையவர். நெருங்கிய உறவினர் ஒருவரோ ஜாஸ் பிரியர். இவ்விரண்டும் ஒருங்கே சிறுவனின் செவியிற் புகுந்தன. 2003இல் குடும்பம் அமெரிக்கா சென்றது. 2006இல், தெலோனியஸ் மங்க் பெயரால் நடைபெற்ற சர்வதேச ஜாஸ் பியானோப் போட்டியில் அவர் முதற்பரிசு பெற்றார்.

ஜாஸ் கலைஞன் ஒரு மெட்டை எடுத்து, மேடையிலே அந்தக் கணத்திற் பிறக்கும் கற்பனையால் அதனை விரித்துச் செல்வான். நம்மவர் மனோதர்மம் என்பதும் இத்தகையதே. திக்ரான் எடுத்துக்கொண்ட மெட்டுகளோ பெரிதும் ஆர்மீனிய உழவரும் மேய்ப்பரும் பாடியவை. இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. கிராமத்துப் பாடகனின் குரல் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றிற்கு வழுக்கிச் செல்லும். பியானோவின் கட்டையோ நிலைத்த ஒலி ஒன்றையே தரும். ஆகவே அவர் சிறுசிறு அணிச்சுரங்களை விரைந்து தொட்டு அந்நெளிவை உணர்த்துகிறார். தாமே உடன்பாடியும் குறையை நிரப்புகிறார். தாளத்திலோ ஐந்தும் ஏழுமாகப் பிரியும் கணக்குகளை ரொக் இசையின் வன்மையோடு முழங்கச் செய்கிறார்.

இம்முயற்சியின் அருமையை உணர, கொமித்தாஸ் என்னும் துறவியை நினைத்தல் வேண்டும். 1869இற் பிறந்த அவர் ஊரூராய்ச் சென்று ஆயிரக்கணக்கான பாடல்களைத் திரட்டினார். 1915இல் ஆர்மீனியர்மீது பேரழிவு வந்தபோது அவரும் சிறைப்பட்டார். உயிர் தப்பினாரெனினும் மனம் சிதைந்து, 1935இற் பாரிஸ் நகருக்கு அருகே காலமானார். அவர் திரட்டியவற்றுள் ஒரு பகுதியே எஞ்சிற்று. அப்பாடல்களைப் பாடிய கிராமங்கள் பலவும் இன்றில்லை. ஏடு இருக்கிறது, பாடிய வாய் இல்லை. ஏட்டிலே சுரத்தை எழுதலாம்; பாடுவோன் அவ்வேளை கூட்டிய உயிர்ப்பை எழுதவியலுமா?

2015இல் திக்ரானின் இசைத்தொகுப்புகள் இரண்டு வெளிவந்தன. ‘மொக்ரூட்’ ரொக் முழக்கம் மிகுந்தது. ‘லுய்ஸ் இ லுசோ’வில், ஐந்தாம் நூற்றாண்டு முதலான ஆர்மீனியத் தெய்வப்பாடல்களை யெரெவான் அரச அறைக்குழுவினர் பாட, அவர் பியானோவிற் கற்பனை செய்கிறார். முரசொலி மிகும்போது பாடலின் மென்மை மறைகிறதென்று முன்னதைக் குறை கூறுவார் உளராயின், அதனை முற்றிலும் மறுத்தல் அரிது. எனினும் இரண்டிலும் இயங்குவது ஒரே உள்ளம்.

மரபைக் காப்போர் இருவகையினர்: எழுதி வைப்போர், எடுத்துப் பாடுவோர். முன்னவர் இல்லையேல் பின்னவர்க்குப் பொருளில்லை. பின்னவர் இல்லையேல் முன்னவரின் உழைப்பு பேழைக்குள் உறங்கும். கொமித்தாஸ் எழுதி வைத்ததைத் திக்ரான் எடுத்துப் பாடுகிறார்.