பஞ்சில்லாச் செடிகள் கற்றுத்தந்தவை



நான் ஆராய்ச்சிக்கு வந்த புதிதில், கோவைக்குப் பக்கத்தில் ஒரு வயலில் கலப்பினத்தின் இரண்டாம் தலைமுறைச் செடிகளைப் பதிவு செய்துகொண்டிருந்தோம். பருத்தி எடுக்க வந்த ஓர் அம்மா வரிசையின் நடுவில் நின்று என்னைக் கூப்பிட்டார். “சார், இது மலட்டுச் செடிங்க. காயி வெடிச்சும் வெறுங் கொட்டைதான் இருக்குது. புடுங்கிப் போட்டறட்டுங்களா?” நான் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சரி என்றேன். அடுத்த வாரம்தான் உறைத்தது. அதே குடும்பத்தின் விதையை மறுபடி விதைத்தோம். அப்படியொரு செடி வரவில்லை. அந்த அம்மாவின் கண் பார்த்ததை என் கண் பார்க்கவில்லை. அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது. இன்றைய உரை முழுக்க அந்தச் செடியைப் பற்றியதுதான். பருத்தி இழையைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதியை நமக்குச் சொன்னவை நல்ல பஞ்சு தந்த செடிகள் அல்ல. பஞ்சு தராத செடிகள்.

விவசாயிகளும் ஆலை நண்பர்களும் அவையில் இருப்பதால் அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் கையில் பிரித்துப் பார்க்கிற பஞ்சின் ஒவ்வோர் இழையும் ஒரே ஒரு செல். விதையின் மேல்தோலில் இருக்கும் ஒரு செல், பக்கத்துச் செல்களோடு சேர்ந்து பிரியாமல், தான் மட்டும் நீண்டுகொண்டே போகிறது. குறுக்களவு 15 முதல் 20 மைக்ரான். நீளமோ 3 சென்டிமீட்டரைத் தொடுகிறது. தன் அகலத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் நீள்கிற செல் இது. ஒரு விதையின் மேல் இப்படிப் பத்தாயிரத்துக்கும் அதிகமான செல்கள் நிற்கின்றன.

இதற்கு ஒரு நாட்காட்டி உண்டு. நம் அமெரிக்கப் பருத்தியின் பூ முதல் நாள் வெளிர்மஞ்சளாக விரிந்து மறுநாள் சிவந்துவிடும். விரிந்த அந்த முதல் நாளிலேயே சூலின் மேல்தோல் செல்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு புடைத்து எழுகிறது. நீள வேண்டிய பஞ்சிழைகள் அவை. சில நாள் கழித்துக் கிளம்புபவை குட்டையாக நின்று, ஜின்னிங் ஆன பிறகும் கொட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும் பூமயிர் ஆகின்றன. பஞ்சிழை மூன்று வாரம் போல நீள்கிறது. நீளல் முடிவதற்குள்ளேயே, பதினாறாம் நாளை ஒட்டி, உட்சுவரில் செல்லுலோஸ் படியத் தொடங்கி நாற்பதாம் நாள்வரை தடிக்கிறது. முற்றிய இழையின் எடையில் 90 விழுக்காட்டுக்கும் மேல் செல்லுலோஸ். பிறகு செல் இறக்கிறது, காய் வெடிக்கிறது, ஈரம் வற்றி இழை முறுக்கிக்கொள்கிறது. ஆலையில் நூல் பிடிப்பது அந்த முறுக்கினால்தான். எத்தனை செல் எழுந்தது என்பது மகசூல். எத்தனை நாள் நீண்டது என்பது இழை நீளம். எவ்வளவு செல்லுலோஸ் படிந்தது என்பது முதிர்ச்சியும், மைக்ரோனேர் என்ற நுண்மை அளவும். சந்தையில் நாம் தனித்தனியாக விலை வைக்கிறவை ஒரே செல்லின் வெவ்வேறு நாட்கள்.

இந்த நாட்களை எந்த மரபணு ஆள்கிறது? இங்கேதான் மலட்டுச் செடிகள் வருகின்றன.

1929-இல் அமெரிக்காவில் கிரிஃபி, லிகான் என்ற இருவர் ஒரு விந்தையான பருத்திச் செடியை அறிவித்தார்கள். குட்டைச் செடி, முறுக்கிய இலை, விதையின் மேல் சில மில்லிமீட்டரோடு நின்றுபோன இழை. ஒற்றை ஓங்கு மரபணுவின் வேலை என்று அன்றே கணித்துவிட்டார்கள். அதற்கு லிகான் பெயரே நிலைத்தது. பயனற்ற அந்தச் செடியின் விதையைத் தலைமுறை தலைமுறையாகச் சிலர் பெருக்கி, பெயர்ச்சீட்டு ஒட்டி வைத்திருந்தார்கள். அது எந்த மரபணு என்று 2017-இல்தான் தெரிந்தது. செல்லுக்குள் சாரம் கட்டி நிற்கும் ஆக்டின் என்ற புரதத்தில் 65-ஆம் இடத்தில் கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் வாலின். ஓர் அமினோ அமிலம் மாறியதால் சாரம் சரிந்தது. இழை தன் திசையை இழந்து நின்றது. எண்பத்தெட்டு ஆண்டுகள் யார் யாரோ அந்த விதையைக் காப்பாற்றினார்கள். அவர்களில் பலருக்குத் தங்கள் வாழ்நாளில் விடை தெரிந்திருக்காது. அவர்களை இந்த மேடையிலிருந்து வணங்குகிறேன்.

இழை எழுவதற்கே ஆணை தரும் மரபணுவின் கதையும் இப்படித்தான். 2011-இல் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனத்தார் கான்பெராவில் ‘மைப்25-லைக்’ என்ற மரபணுவை அடக்கிப் பார்த்தார்கள். இலைகளில் பெரிய குறை எதுவுமில்லை, விதை மட்டும் வழுக்கையாக வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே வயல்களில் ‘மொட்டை விதை’ என்றொரு சடுதி மாற்றம் வழங்கிவந்தது. அதில் பூமயிர் இருக்காது. 2016-இல் சீன ஆய்வாளர்கள் அதன் மூலத்தைத் தேடிப் போனபோது 12-ஆம் குரோமோசோமில் அதே மரபணுவில்தான் வந்து நின்றார்கள். ஆய்வகத்தில் அடக்கியதை இயற்கை முன்பே அடக்கி வைத்திருந்தது. அந்த மரபணுவின் எதிர் இழையிலிருந்து எழும் சிறு ஆர்என்ஏக்கள் அதன் செய்தியைத் துண்டாடுகின்றன. எனக்கு மிகவும் பிடித்த செய்தி இன்னொன்று. இந்த மரபணுக் குடும்பம் முதலில் அடையாளம் காணப்பட்டது ஸ்னாப்டிராகன் என்னும் தோட்டப் பூவில். அங்கே இதழின் மேல்தோல் செல்களைக் கூம்பாக எழுப்பி நிறத்துக்கு ஆழம் தருவது அதன் வேலை. ஒரு பூவிதழின் மினுமினுப்பும் நம் வேட்டியின் நூலும் ஒரே குடும்பத்து மரபணுக்களின் கைவேலை.

உணவு வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சர்க்கரையைச் செல்லுலோஸுக்கு ஏற்ற பொருளாக்கித் தரும் சுக்ரோஸ் சிந்தேஸ் நொதியை 2003-இல் அதே கான்பெராக் குழுவினர் அடக்கியபோதும் இழை எழவில்லை. பத்தாம் நாளை ஒட்டி இழைச் செல்லைத் தாய்த்தோலோடு இணைக்கும் நுண்வாயில்கள் மூடிக்கொள்கின்றன என்பதையும் அவர்கள் காட்டினார்கள். உள்ளே வந்தது வெளியே போக வழியில்லை. செல்லின் உள்ளழுத்தம் ஏறுகிறது. சுவர் நெகிழ்ந்து நீள்கிறது. அந்த வாயில் எத்தனை நாள் மூடியிருக்கிறது என்பதும் இழை நீளத்தோடு சேர்ந்தே போகிறது.

இனி, என் ஆசிரியர்கள் எங்களிடம் கேட்டுவந்த, இன்னும் முழு விடை கிடைக்காத கேள்விக்கு வருகிறேன். உலகில் பயிராகும் பருத்தி நான்கு இனம். நம் கரிசலின் கருங்கண்ணி அர்போரியம், உப்பம் ஹெர்பேசியம். இவை பழைய உலகத்தவை, 26 குரோமோசோம். இன்று பெரும் பரப்பில் விளையும் ஹிர்சுட்டமும் நீள இழை பார்படென்சும் புதிய உலகத்தவை, 52 குரோமோசோம். பத்து, இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கக் கண்டத்தில் இரு வேறு செடிகள் கலந்து உண்டானவை இந்த இரண்டும். ஒரு பெற்றோர் ஹெர்பேசியத்துக்கும் அர்போரியத்துக்கும் உறவான ‘ஏ’ வகை. நூற்கத்தக்க இழை அதனிடம் உண்டு. மற்றது இன்று பெருவில் வளரும் ரைமாண்டியைப் போன்ற ‘டி’ வகை. அதன் விதையில் இருப்பது நூற்க உதவாத மயிர்.

அப்படியானால் பிள்ளையின் நல்ல பஞ்சுக்குக் காரணம் பஞ்சுள்ள பெற்றோர்தான் என்றே யாரும் நினைப்போம். 1998-இல் ஆண்ட்ரூ பேட்டர்சனின் குழுவினர் ஹிர்சுட்டத்தையும் பார்படென்சையும் கலந்து, இழைத் தரத்தையும் மகசூலையும் ஆளும் இடங்களைக் குரோமோசோம்களில் குறித்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை பஞ்சே இல்லாத ‘டி’ பக்கத்தில் கிடந்தன. 2018-இல் வெளியான இன்னோர் ஆய்வு, நீள் இழை உண்டாவதற்கு வேண்டிய ஒரு முக்கிய மரபணு ‘டி’ பக்கத்துப் பன்னிரண்டாம் குரோமோசோமில் இருப்பதைக் காட்டியது. இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: ‘ஏ’ பெற்றோரின் மரபணுக்கள் இழைக்காக முன்பே தேர்ந்தெடுக்கப்பட்டு ஒரு நிலைக்கு வந்துவிட்டிருந்தன, ‘டி’ மரபணுக்களுக்கு இழையில் அதுவரை வேலை இல்லை, மாற இடமிருந்தது. அமெரிக்கப் பழங்குடி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நல்ல பஞ்சைப் பொறுக்கிப் பொறுக்கி விதைத்தபோது அந்த இடம் நிரம்பியது. இது என் கருத்து. மறுப்பவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். நாளைய விவாதத்தில் அவர்கள் எழுந்து பேச வேண்டும் என்று விரும்புகிறேன்.

இந்தப் பெற்றோர் கதைக்கு வயல்வெளிச் சான்று மிகப் பழையது. 1940-இல் ஜே. ஓ. பீஸ்லி நம் ஆசியாவின் அர்போரியத்தையும் வட அமெரிக்கப் பாலைக் காட்டுச் செடியான தர்பெரியையும் கலந்து, கோல்கிசினால் குரோமோசோமை இரட்டித்து, அதை ஹிர்சுட்டத்தோடு சேர்த்துக் காட்டினார். தர்பெரியிலும் பஞ்சு கிடையாது. ஆனால் அந்த மூவினக் கலப்பின் வழிவந்த செடிகளில் இழை வலிமை கூடியது. தென் கரோலினாவின் பீடீ ரகங்கள் அந்த வலிமையைத் தாங்கியவை. பஞ்சில்லாத ஒரு காட்டுச் செடியின் பங்கு ஆலைகளின் நூலுக்குள் ஓடுகிறது.

கோவை இதில் வெறும் பார்வையாளராக இருந்ததில்லை. சுஜாதாவையும் செயின்ட் வின்சென்ட்டையும் கலந்து 1974-இல் இங்கிருந்து வெளியான சுவின், நூறாம் நம்பருக்கு மேல் நூற்கத்தக்க இழை தந்தது. அதற்கு நான்கு ஆண்டு முன்பே சூரத்தில் சி. டி. படேல் எச்-4 வீரிய ஒட்டை வெளியிட்டு, ஒட்டுப் பருத்தியை வணிகப் பயிராக்கிக் காட்டியிருந்தார். அந்நாட்களில் நாம் இழையைக் கண்ணால் படித்தோம். இன்று ரைமாண்டியின் மரபணுத் தொகுப்பு 2012-இலும், அர்போரியத்தினுடையது 2014-இலும், ஹிர்சுட்டத்தினுடையது 2015-இலும் எழுத்து எழுத்தாகப் படிக்கப்பட்டுவிட்டன. 2011-இல் சீனாவின் சோங்கிங்கில், சூலின் மேல்தோலில் மட்டும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி கூடுதலாகச் சுரக்கும்படி செய்து, நான்கு ஆண்டு வயல் சோதனையில் பஞ்சு மகசூல் 15 விழுக்காட்டுக்கு மேல் கூடியதையும், இழை மெல்லியதானதையும் பதிவு செய்தார்கள். எங்கே, எந்த நாளில் என்று அறிந்து தொட்டதால் வந்த பலன் அது. செடி முழுவதும் ஆக்சினை ஏற்றியிருந்தால் செடியே கெட்டிருக்கும்.

என் கவலை வேறு. மரபணுத் தொகுப்பு கையில் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்கச் செடி குறைகிறது. கோவில்பட்டிக் கரிசலில் மானாவாரியாகப் பரந்து கிடந்த கருங்கண்ணி இன்று தேடிப் பார்க்க வேண்டிய பயிர். இழை குட்டை, ஆலை கேட்பதில்லை என்பது உண்மை. ஆனால் வறட்சி தாங்கும், இலைச்சுருள் வைரஸ் அண்டாத அந்த அர்போரியத்துக்குள் எத்தனை விதமான இழை மரபணுக்கள் இருக்கின்றன என்று நாம் இன்னும் எண்ணி முடிக்கவில்லை. குட்டை இழை, அரை இழை, பழுப்பு இழை, வழுக்கை விதை என்று பதிவேட்டில் ‘கழிவு’ எனக் குறித்து ஒதுக்கிய செடிகளின் விதை எந்த ஆராய்ச்சி நிலையத்தில், எந்த அலமாரியில் மிஞ்சியிருக்கிறது என்ற பட்டியலை இந்த இரண்டு நாள் கருத்தரங்கில் நாம் தயாரிக்க வேண்டும். முளைப்புத் திறன் இறங்குவதற்குள் அவற்றை விதைத்துப் புதுப்பிக்க வேண்டும். இது கட்டுரையாகாத வேலை, பதவி உயர்வுக்கு உதவாத வேலை என்பது தெரியும். அதனால்தான் தலைவர் என்ற முறையில் கேட்கிறேன். பருத்தி எடுக்க வருகிறவர்களிடம் இளையவர்கள் பேசிப் பழகுங்கள். மாறுபட்ட செடி எது என்று அவர்களுக்கு முதலில் தெரிகிறது.

அரங்கின் பின்புறம் தட்டுகளில் காய்கள் வைத்திருக்கிறோம். பூத்த தேதி எழுதிய சீட்டு ஒவ்வொன்றிலும் இருக்கிறது: ஐந்தாம் நாள், பத்தாம் நாள், இருபதாம் நாள், நாற்பதாம் நாள். பத்தாம் நாள் காயைப் பிளந்து விதையை நீரில் இட்டால் இழைகள் விரிந்து மிதக்கும். விரலால் தொட்டுப் பாருங்கள், அது இன்னும் உயிருள்ள செல். ஓரத்துத் தட்டில் இருப்பது லிகான் விதை. தேநீர் இடைவேளைக்கு முன் எல்லோரும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.