பழைய வண்டியும் பழகிய கையும்



இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் பழைய ஸ்கூட்டரையும் மொபெட்டையும் பழுது பார்ப்பது பற்றிய பேச்சுக்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். அதற்கான விடை பாகூரிலேயே இருக்கிறது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, 9ஆம் நூற்றாண்டில் இவ்வூரில் விளங்கிய கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக விடப்பட்ட செய்தியைக் கூறுகிறது. ஏட்டுக் கல்விக்குச் செப்பேடு சான்றாய் நிற்கிறது. ஏட்டில் ஏறாத கல்வியும் ஒன்று உண்டு. அது கையிலும் கண்ணிலும் காதிலும் தங்கியிருப்பது. கொல்லன் உலைக்களத்திலும் தச்சன் பட்டறையிலும் வழிவழியாக வந்த அக்கல்வி, சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களின் வீட்டுத் திண்ணை ஓரங்களில் மொபெட்டின் அருகே வந்து அமர்ந்தது. அதற்குச் செப்பேடு இல்லை. ஆண்டு மலரில் சில பக்கங்களாவது இருக்கட்டும் என்பதே இவ்வுரையின் நோக்கம்.

மோட்டார், பெடல் என்னும் இரு சொற்களின் சேர்க்கையே மொபெட். எந்திரம் நின்றாலும் மிதித்துக்கொண்டு வீடு சேரலாம் என்பதே அதன் முதல் வாக்குறுதி. பிரான்சின் மோட்டோபெக்கான் நிறுவனத்தாரின் மொபிலெட் வண்டியைத் தழுவித் திருப்பதியில் உருவானது சுவேகா. 1972இல் புனேயிலிருந்து லூனா வந்தது. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது. இருவர் அமர்ந்து செல்ல ஏற்றதாக இந்தியாவில் அமைந்த முதல் மொபெட் அதுவே. ஸ்கூட்டரின் வரலாறு இன்னும் நீண்டது. 1946இல் இத்தாலியில் பிறந்த வெஸ்பாவின் வழியில், 1972இல் பஜாஜ் சேத்தக் வந்தது. மிலான் நகரத்து லாம்பிரெட்டாவின் வழியில் லக்னோவின் விஜய் சூப்பர் வந்தது. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து சேத்தக் வாங்கிய தலைமுறை அது. காத்திருந்து பெற்ற பொருளை எவரும் எளிதில் கைவிடுவதில்லை. பழுது பார்க்கும் பண்பாடு வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

புதுச்சேரி நகரத்தாருக்கு ஸ்கூட்டர் பெருமை. கொம்யூன் மக்களுக்கோ மொபெட் பிழைப்பு. கால் வைக்கும் இடத்தில் பால் கேனும், பின்னால் புல்கட்டும், நடுவே மனிதருமாக அது வரப்பு ஓரத்திலும் ஓடிற்று. ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் பால் கெட்டது. ஒரு நாள் கூலி போயிற்று. பழுது பார்ப்பவர் நகரத்திலிருந்து வரும்வரை பால் காத்திராது. ஆகவே வீட்டிலுள்ளோரே திருப்புளியும் குறடும் ஏந்த நேர்ந்தது. பொழுதுபோக்கிற்காகக் கற்ற கலையன்று அது. பிழைப்பே ஆசிரியராய் இருந்து கற்பித்தது.

இவ்வண்டிகளின் எந்திரமும் அதற்கு இடங்கொடுத்தது. டூ ஸ்ட்ரோக் எனப்படும் இருவீச்சு எந்திரத்தில் நாற்வீச்சு எந்திரத்தைப் போல வால்வுகள் இல்லை. பிஸ்டன், அதனைத் தாங்கும் தண்டு, சுழலும் கிராங்க் ஆகிய மூன்றே அதன் உள்ளுறுப்புகளில் முதன்மையானவை. அது கேட்பனவும் மூன்றே: பெட்ரோல், காற்று, தீப்பொறி. வண்டி கிளம்பவில்லை என்றால் இம்மூன்றில் எது வரவில்லை என்று வரிசையாக ஆராய வேண்டும். திருக்குறளின் மருந்து அதிகாரம் நோய்க்குச் சொல்லும் ஒழுங்கும் இதுவே. காரணம் தெளிந்த பின்னரே மருந்து. கண்டதையெல்லாம் கழற்றுபவர் மருத்துவர் ஆகார்.

முதலில் பார்க்க வேண்டியது பிளக். அதன் முனை காப்பிப்பொடி நிறத்தில் காய்ந்திருந்தால் எந்திரம் நலம். கறுத்து ஈரமாக இருந்தால் எண்ணெய் மிகுதி, அல்லது தீப்பொறி மெலிவு. வெளுத்துச் சாம்பல் பூத்திருந்தால் எந்திரம் மிகையாகச் சூடேறுகிறது. எங்கோ காற்று கசிகிறது, அல்லது பெட்ரோல் குறைவாக வருகிறது என்று கொள்ளலாம். உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, முனைகளின் இடைவெளியை அரை மில்லிமீட்டர் அளவில் திருத்தினால் பாதிப் பிணி தீரும். அடுத்தது கார்புரேட்டர். அதிலுள்ள ஜெட் எனும் பித்தளைத் துளை அடைபட்டால் பலரும் கம்பியை விட்டுக் குத்துகின்றனர். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிட்டால் வண்டி என்றென்றைக்கும் பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருக்கும். சைக்கிள் பம்பால் காற்றடித்தால் போதும்.

எண்ணெய்க் கலவையே இருவீச்சு எந்திரத்தின் உயிர். வண்டிக்கு ஏற்ப 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 முதல் 40 மில்லி வரை எண்ணெய் வேண்டும். குறைந்தால் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கூடினால் கரி படிந்து புகைபோக்கி அடைபடும். இரண்டையும் தனிப் பாத்திரத்தில் கலந்து ஊற்றுவதே முறை. ஆயுத பூசைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் இடும் வழக்கம் எல்லா வீடுகளிலும் உண்டு. அந்த நாளிலேயே சிலிண்டர் தலையைக் கழற்றிக் கரி சுரண்டினால், அதுவும் வழிபாடே ஆகும்.

இக்கைத்தொழிலின் பயன் முழுமையாக விளங்கியது 2024ஆம் ஆண்டில். நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலால் 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. சங்கராபரணி பெருகியது. சாத்தனூர் அணையிலிருந்து வந்த வெள்ளம் தென்பெண்ணையில் கரை புரண்டு, பாகூர்ப் பகுதியின் ஆற்றோர ஊர்களைச் சூழ்ந்தது. அத்தகைய வெள்ளம் வடிந்ததும் மூழ்கிக் கிடந்த வண்டியை எடுத்தவுடன் கிக்கரை உதைக்கத் தோன்றும். அதுவே பெருந்தவறு. ஆற்று நீருடன் உள்ளே புகுந்த வண்டல், ஒரே உதையில் சிலிண்டரின் உட்சுவரைக் கீறிவிடும். முதலில் பிளக்கைக் கழற்ற வேண்டும். வண்டியைச் சாய்த்து நீரை வடிக்க வேண்டும். உள்ளே பெட்ரோலும் எண்ணெயும் கலந்து ஊற்றி அலசிய பின்னரே கிக்கரைக் கையால் மெல்ல அசைக்க வேண்டும். பெட்ரோல் தொட்டியில் நீர் அடியில் தங்கும். முழுவதும் வடித்துவிட வேண்டும். கியர் எண்ணெய் பால் கலந்த தேநீர் போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது என்பது பொருள். மாற்றியே தீர வேண்டும். இவ்வளவும் அறிந்த ஒருவர் தெருவில் இருந்தால் அத்தெருவின் வண்டிகள் பிழைக்கும். இல்லையெனில் அவை காயலான் கடைக்குப் போகும். அவற்றோடு சில குடும்பங்களின் வருவாயும் போகும்.

எனினும் கைத்திறனைப் புகழும்போது அதன் எல்லையையும் சொல்லுதல் கடமை. சேத்தக் போன்ற ஸ்கூட்டரின் சக்கரம் இரு பாதிகளைத் திருகி இணைத்தது. காற்றை இறக்காமல் அத்திருகுகளைத் தளர்த்தினால் பாதிகள் வெடித்துச் சிதறும். பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் கலந்திருந்தது. அத்தூசியை வாயால் ஊதுதல் நுரையீரலுக்குப் பகை. ஈரத்துணியால் துடைத்தெடுத்தலே நலம். துருவேறி விரிசல் கண்ட சட்டத்தைக் கம்பி சுற்றி ஓட்டுதல் சிக்கனமன்று. பின்னால் அமர்ந்திருக்கும் குழந்தையின் உயிரைப் பணயம் வைத்தலாகும்.

புகையையும் மறைக்க இயலாது. கலவையின் ஒரு பங்கு எரியாமலே வெளியேறுதல் இருவீச்சு எந்திரத்தின் பிறவிக் குணம். நல்ல பராமரிப்பு புகையைக் குறைக்கும், அடியோடு நீக்காது. டி.வி.எஸ். நிறுவனத்தாரும் 2015இல் எக்ஸ்.எல். 100 வண்டியில் நாற்வீச்சு எந்திரத்துக்கு மாறினர். சட்டமும் 15 ஆண்டுகளுக்குப் பின் வண்டியின் தகுதியைச் சோதித்தே ஐந்தைந்து ஆண்டுகளாகப் பதிவை நீட்டிக்கிறது. இன்னொரு புதிய இடரும் சேர்ந்திருக்கிறது. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கை நாடு 2025இல் எட்டியது. எத்தனால் ஈரத்தை ஈர்ப்பது; பழைய ரப்பர்க் குழாய்களை உப்பச் செய்வது. வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவோர் தொட்டியை வடித்து வைப்பதும், குழாய்களை அடிக்கடி சோதிப்பதும் இன்றியமையாதவை.

ஆகவே எல்லாப் பழைய வண்டிகளும் என்றும் ஓட வேண்டும் என்பது இவ்வுரையின் வேண்டுகோள் அன்று. வண்டி போகலாம், அறிவு போகலாகாது. சேத்தக் என்னும் பெயரே இன்று மின்கலத்தில் ஓடும் வண்டிக்கு உரியதாகிவிட்டது. அவ்வண்டிக்குக் கார்புரேட்டர் இல்லை. ஆயினும் பிரேக் உண்டு, பேரிங் உண்டு, மழையில் நனையும் மின்கம்பி உண்டு. காரணம் தேடிப் பழகிய கை அங்கும் வழி காணும்.

இறுதியாக, தமிழ் அவைக்கு உரிய செய்தி ஒன்று. வண்டி மூச்சு வாங்குகிறது, பெட்ரோலைக் குடிக்கிறது, எண்ணெய் கக்குகிறது, இழுவை இல்லை, மரை செத்துவிட்டது என்றெல்லாம் பட்டறைகளில் வழங்கும் தமிழ், உயிரற்ற எந்திரத்துக்கு உயிர் கொடுத்த தமிழ். அயற்சொல் தமிழ் எழுத்துக்கு இசைந்து வழங்கத் தொல்காப்பியம் இடங்கொடுத்தது. அவ்வழியே பிளக்கும் கிக்கரும் வந்து, திருப்புளியோடும் உப்புத்தாளோடும் ஒரே பெட்டியில் இடம் பிடித்தன. இச்சொற்களைத் தொகுத்த அகராதி உண்டானால், வில்லியனூரிலும் பாகூரிலும் எண்ணெய்க் கறை படிந்த கைகளுக்கு அது செய்யும் சிறப்பாகும். அக்கைகளுக்கு உரியவர்கள் முதுமை அடைந்து வருகின்றனர். அவர்கள் நாவில் இருப்பதை ஏட்டில் ஏற்றுவது, பத்தாண்டு நிறைந்த இலக்கிய வட்டத்தின் அடுத்த பத்தாண்டுப் பணிகளில் ஒன்றாகட்டும்.